எட்டு நாள் சொந்தக்காரன்

சட்டம் தெரிந்த ஆளை வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன் நான். காணி உறுதிப் பத்திரம் எழுதுவது, எல்லை பார்ப்பது, சாட்சிக்கு ஆள் பிடிப்பது எல்லாம் கைவந்த வேலை. ஒரு முழ வேலி வழக்குக்காக அண்ணனும் தம்பியும் தலை நரைக்கும்வரை கோட்டுக்கு நடந்த ஊர் அது. அவர்களுடைய தலை நரைக்க நரைக்க எங்கள் கந்தோர் செழித்தது. அப்படிப்பட்ட நான் பலெர்மோவுக்கு வந்து, லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில் ஒரு வயோதிபருக்குச் சமைத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, சப்பாத்து நாடா கட்டிவிடும் உத்தியோகத்தில் அமர்ந்தேன். சப்பாத்து நாடாவில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வெட்கப்படுவது வேறொன்றுக்கு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வயோதிபரின் பெயர் எமானுவேலே. முன்பு மருந்துக்கடை வைத்திருந்தவர். எல்லாரும் அவரைத் தொத்தோரே, அதாவது டொக்டர், என்றுதான் கூப்பிடுவார்கள். (இந்த நாட்டில் கண்ணாடி போட்டவனெல்லாம் தொத்தோரேதான். நானும் கண்ணாடிதான், என்னை ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை.) அவர் யூதர். வடக்கே லிவோர்னோவில் பிறந்து, வேலைக்காக இங்கே வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். மனைவி எஸ்தெர் நான் வேலைக்குச் சேர முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகள் மிரெல்லா மிலானோவில்.

நாங்கள் இருவரும் இத்தாலியனில்தான் கதைப்போம். ஆனால் அவருடைய குறுக்குக் கேள்வியும் நக்கலும் என் காதில் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தன. ஆகையால் விழுந்தபடியே தருகிறேன்.

முதல் நாளே கேட்டார்.

"நீர் கத்தோலிக்கரோ?"

"ஓம் தொத்தோரே."

"நல்லது. எங்கடை ஆள் ஒருத்தரை வைச்சு நல்லா முன்னுக்கு வந்திட்டியள்."

எங்கள் ஆண்டவரைத்தான் சொல்கிறார் என்று விளங்கியது, சிரிக்கலாமா கூடாதா என்றுதான் தெரியவில்லை. மறைக்கல்வி படிப்பித்தவன் வேறு. வேதாகமம் எனக்குத் தெரியும், ஆகவே யூதர்களைப் பற்றியும் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை அவர் ஒவ்வொரு பின்னேரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினார்.

பின்னேரங்களில் ஊன்றுகோலோடு பழைய நகரத்துக்குப் போவோம். கால்சாப் பகுதிக்கு இந்தப் பக்கம் சில தெருக்களில் பெயர்ப்பலகை இத்தாலியன், எபிரேயம், அரபு என்று மூன்று எழுத்தில் இருக்கும். பலகைக்குக் கீழே நின்று சொல்லுவார்.

"ஸ்பானிய ராசா எங்களை இந்தத் தீவை விட்டு வெளிக்கிடச் சொல்லி ஐந்நூறு வருஷம். இப்பதான் எங்கடை எழுத்திலை பேர் போட்டிருக்கு. பலெர்மோவிலை எதுக்கும் அவசரப்படக் கூடாது."

சந்தைத் தெரு மூலையில் மாட்டு மண்ணீரலைக் கொழுப்பில் பொரித்து, பாணுக்குள் வைத்து விற்பார்கள். பலெர்மோக்காரருக்கு அது உயிர். அந்த வண்டியைக் கண்டால் தொத்தோரே நின்றுவிடுவார். கிட்டப் போகமாட்டார்.

"இதைத் தொடக்கினது எங்கடை இறைச்சி வெட்டுறவை எண்டு சொல்லுகினம். மாடறுக்கிறது சமய வேலை, அதுக்குச் சம்பளம் வாங்கக் கூடாது. அதாலை குடலையும் மண்ணீரலையும் எடுத்துக்கொண்டு போய்ப் பொரிச்சு வித்தவை. பிறகு எங்களைத் துரத்திப்போட்டு, அதைப் பன்றிக் கொழுப்பிலை பொரிக்கத் தொடங்கிட்டாங்கள். இந்த ஊருக்கு நாங்கள் குடுத்த ஒரே சாப்பாட்டை நான் மட்டும் சாப்பிடேலாது. இது நியாயமோ, நொத்தாரிசு?"

அவர் என்னை நொத்தாரிசு என்று கூப்பிடுவது நக்கலுக்குத்தான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் விதை அந்தக் குளிர்ச்சிதான்.

அவர் எல்லாச் சட்டமும் கடைப்பிடிக்கிற யூதர் என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை உதைபந்தாட்டம் பார்ப்பார். (பார்த்துவிட்டு, தோற்றது தனக்குத் தண்டனை என்பார்.) ஆனால் எகிப்தின் அடிமைத்தனத்தை விட்டு வெளிக்கிட்டதை நினைக்கிற பாஸ்காத் திருநாள் வந்தால், சட்டம் தந்த மோயீசனே வந்து பரிசோதிக்கப் போகிறார் என்பதுபோல வீட்டைப் புரட்டுவார். அந்த எட்டு நாளும் புளித்த மாவின் ஒரு தூள்கூட வீட்டில் இருக்கக் கூடாது. சோபா மெத்தைக்குள், புத்தகத்துக்குள், அவருடைய கோட்டுப் பைக்குள் எல்லாம் நான் பாண்தூள் தேடினேன்.

"எகிப்திலையிருந்து எங்கடை சனம் வெளிக்கிட ஒரு இரவு காணும்," என்பார். "இந்தக் குசினியிலையிருந்து பிஸ்கற் தூள் வெளிக்கிட மூண்டு கிழமை."

புளிப்பில்லாத ரொட்டி மிலானோவிலிருந்து பெட்டியாக வரும். வாயில் போட்டேன். அட்டைப் பெட்டி எது, ரொட்டி எது என்று யோசிக்க வேண்டியிருந்தது. "நாப்பது வருஷம் பாலைவனத்திலை நடந்தது வழி தெரியாமல் இல்லை," என்றார் தொத்தோரே. "இதைச் செமிக்க வைக்க."

எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. யூதரில் சிலர் அந்த நாள்களில் சோறும் சாப்பிடமாட்டார்களாம், சிலர் சாப்பிடுவார்களாம். எந்தப் பகுதி சரி என்பதில் பல நூறு வருஷச் சண்டை. தொத்தோரே சாப்பிடுகிற பகுதி. பாண் இல்லை, பாஸ்தா இல்லை, பீட்சா இல்லை, எட்டு நாளும் சோறு. இத்தாலியில் எனக்கு அப்படி ஒரு சொர்க்கம் வேறெந்த வீட்டிலும் கிடைக்கவில்லை. மோயீசன் இந்தச் சட்டத்தை எனக்காகவே மலையிலிருந்து இறக்கினார் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி விற்பனைக்கு வருகிறேன்.

நான் சேர்ந்த முதல் வருஷம், திருநாள் தொடங்குகிற அன்று காலையில் தொத்தோரே என்னைக் குசினி அலுமாரிக்கு முன்னால் நிறுத்தினார். உள்ளே பாஸ்தா, ரவை, மா, ஒரு தகர டப்பா பிஸ்கற். மேல்தட்டில் கழுத்தில் முத்திரை உடையாத ஒரு போத்தல் விஸ்கி. அந்தப் போத்தலை நான் கிழமைக்கு ஒருக்கால் தூசி தட்டுவேன். தட்டும்போதெல்லாம் அடுத்த அறையிலிருந்து "கவனம்!" என்று குரல் வரும். விலையான சாமான் என்று விளங்கிக்கொண்டேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

"இதெல்லாம் புளிப்பு," என்றார். "விஸ்கியும் தானியத்திலை வடிச்சதுதான். இந்த எட்டு நாளும் யூதன்ரை பேரிலை இது இருக்கக் கூடாது. எறியவும் மனமில்லை. அதாலை உமக்கு விக்கிறன். திருநாள் முடியத் திருப்பி வாங்குவன்."

"சும்மா பேருக்கோ, தொத்தோரே?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பேருக்கெண்டால் பாவம்! இது உண்மையான விற்பனை. நீர் நினைச்சால் இப்பவே எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு போகலாம். உலகத்திலை ஒரு யூதனும் உம்மைத் தடுக்கேலாது."

இந்த வசனத்தை அவர் ஒரு தச்சனிடமோ சாரதியிடமோ சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திராது. காணி உறுதி எழுதியே கண் கெட்ட ஒருவனிடம் சொன்னார்.

"எல்லை என்ன?" என்று கேட்டேன்.

"என்ன எல்லை?"

"வித்த பொருளுக்கு நாலு எல்லை வேணும். வடக்கே குளிர்ப்பெட்டி. கிழக்கே யன்னல். தெற்கே கதவு. மேற்கே சுவர். இதுக்குள்ளை அடங்கிய சகலமும்."

தொத்தோரே என் நாலு எல்லையையும் ஊன்றுகோலால் தொட்டுப் பார்த்தார். "இத்தனை வருஷம் இந்த அலுமாரியை வித்திருக்கிறன். இப்பிடி ஒருத்தர் வாங்கினதில்லை," என்றார். அவர் கை துடைக்கிற லேஞ்சியை இருவரும் ஆளுக்கொரு முனையில் பிடித்துத் தூக்கினோம். அவர்கள் முறையில் அதுதான் கைமாற்று. நான் ஒரு நாணயம் கொடுத்தேன். அவர் அலுமாரித் திறப்பை என் உள்ளங்கையில் வைத்தார். (எங்கள் உறுதிகளில் வருகிற வான்பயிர், பயன்மரம் மட்டும்தான் இல்லாத குறை.)

பிரான்காச்சோவில் எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவி திரேசம்மாவுக்குத் திறப்பைக் காட்டினேன்.

"இஞ்சருங்கோ, அந்த மனிசன் பகிடிக்குச் செய்திருப்பார். திறப்பைக் கவனமா வைச்சிட்டுத் திருப்பிக் குடுங்கோ."

"விற்பனையிலை பகிடி இல்லை, திரேசு."

"உங்களிலை இருக்குதே, அது காணாதோ?"

அந்த வருஷம் எங்கள் உயிர்த்த ஞாயிறு அவர்களுடைய பாஸ்காவுக்கு நடுவில் விழுந்தது. பூசை முடிந்து, கால்சாவில் கோயிலுக்குரிய மண்டபமொன்றில் தமிழ்ச் சனத்துக்கு மதியச் சாப்பாடு. தவக்காலம் முழுக்க நாக்கை அடக்கியிருந்த ஆண்கள் ஒரு மேசையில் கூடியிருந்தார்கள். மேசையில் வைன் மட்டும்தான். அதற்குத் தலைவன் செபமாலை. மன்னார்க்காரன், ஒரு உணவகத்தில் சமையல், வாய் மட்டும் பெரிய கோபுரம்.

"கிளாக்கர் ஐயா ஒரு போத்தல் கொண்டு வரக் கூடாதோ?" என்று தொடங்கினான். "லிபெர்த்தாவிலை பெரிய வீட்டிலையெல்லோ இருக்கிறார்."

"ஓம், குசினியிலை," என்றான் இன்னொருவன். மேசை முழுக்கச் சிரிப்பு.

அப்போது எனக்கு வயது அறுபத்தாறு. இளரத்தம். பொறுக்க முடியவில்லை.

"அந்தக் குசினியிலை ஒரு அலுமாரி முழுக்க என்ரை பேரிலை கிடக்கு," என்றேன். "உள்ளுக்கை ஒரு போத்தல் விஸ்கியும் கிடக்கு. சட்டப்படி என்ரை. இந்தா திறப்பு."

"மச்சான், நீ அங்கை கோப்பை கழுவுறனி. அலுமாரி உன்ரை எண்டால் நான் பாப்பரசர்," என்றான் செபமாலை.

"அப்ப வெள்ளை அங்கி தைக்கக் குடு. வாறன்."

எழும்பிவிட்டேன். தூரத்தில் பெண்கள் மேசையிலிருந்து திரேசம்மா கையால் "வேண்டாம்" காட்டினாள். அதையும் கண்டேன். கண்டும் போனேன்.

பேருந்தில் இருந்தபடியே வழக்கைப் பேசிப் பார்த்தேன். விற்றவர் சுயநினைவோடு விற்றார். விலை கொடுபட்டது. உடைமை கைமாறியது. எடுத்துக்கொண்டு போகலாம் என்று விற்றவரே வாயால் சொன்னார். எதிர்த்தரப்பு நுழைய ஒரு ஓட்டைகூட இல்லை. தொத்தோரே மதியத் தூக்கத்தில் இருந்தார். அந்த வீட்டுக்குள் வேலைக்காரனாக நுழையும்போது சப்பாத்தைக் கழற்றுவேன். அன்று சொந்தக்காரனாகப் போனதால் கழற்றவில்லை. (அடுத்த நாள் அந்தச் சப்பாத்து அடையாளத்தைத் துடைத்ததும் நான்தான்.) போத்தலை எடுத்தேன். பிள்ளைகளுக்கென்று பிஸ்கற் டப்பாவையும் எடுத்தேன். அலுமாரியைப் பூட்டினேன்.

மண்டபத்துக்குள் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நுழைந்த அழகை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. ஒரு தீவையே பிடித்துவந்த தளபதி மாதிரி. செபமாலை எழும்பி என் கையை முத்தமிட்டான். முத்திரையை உடைத்தார்கள். காகிதக் குவளைகள் நீண்டன. நான் முதலில் ஒரு மிடறு தனியாகக் குடித்தேன். பிறகு அதற்குள் கொக்கா கோலா விழுந்தது. பைலாப் பாட்டும் ஆட்டமும் தொடங்கின. போத்தல் முடிந்தபோது என்னைத் தோளில் தூக்கினார்கள்.

திங்கட்கிழமை மிரெல்லா தொலைபேசி எடுத்தாள். தகப்பனின் இரத்த அழுத்தம் கேட்டாள், சாப்பாடு கேட்டாள், பிறகு சிரித்தபடி கேட்டாள்.

"அப்பா அம்மான்ரை போத்தலையும் உங்களுக்கு வித்திட்டாரோ?"

"அம்மான்ரை போத்தலோ?"

"தங்கடை ஐம்பதாவது கலியாண நாளுக்கெண்டு அம்மா வாங்கி வைச்சவ. அந்த நாள் வரமுன்னம் போயிட்டா. அப்பாவாலை அதைத் திறக்கவும் ஏலாது, எறியவும் ஏலாது. வருஷா வருஷம் வித்து, திருப்பி வாங்கி, அதே தட்டிலை வைக்கிறார். அம்மா போனபிறகு அவர் அந்தப் போத்தலோடை செய்யிறது அது ஒண்டுதான்."

தொலைபேசியை வைத்தேன். தொத்தோரே அடுத்த அறையில் பத்திரிகைக்காரனைத் திட்டியபடி பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். போய்க் காலில் விழுந்திருக்கலாம். கதவுவரை போனேன். "என்ன காணும், பேயைக் கண்ட மாதிரி நிக்கிறீர்?" என்று கேட்டார். "சோத்துக்கு என்ன கறி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். அந்த இடத்தில்தான் நான் கெட்டேன். போத்தலை எடுத்தது அகம்பாவம். கதவில் வாய் திறக்காமல் திரும்பியது கோழைத்தனம்.

அதே போத்தல் வாங்கலாமென்று கடை கடையாக ஏறி இறங்கினேன். அது இப்போது வருவதில்லை என்றார்கள். ஒரு கடைக்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரை கொடுத்தான். கடைசியில் கால்சா மண்டபத்துக்குப் போய், வெளியே கட்டிக் கிடந்த குப்பைப் பைகளைப் பிரித்து, வெறும் போத்தலை மீட்டேன்.

இலங்கையில் பிறந்தவனுக்கு அந்த நிறத்தைக் கண்டால் வேறென்ன தோன்றும்? பிளேன் டீ, பால் விடாத தேத்தண்ணி.

கலங்கக் கூடாதென்று கடைசி நாள்வரை காத்திருந்து, எங்கள் வீட்டில் வைத்து ஊற்றினேன். சாயம் சரியாக வர மூன்று தரம் போட்டேன். துணியில் இரண்டு தரம் வடித்தேன். கழுத்துக்குப் பேரனின் உயிர்த்த ஞாயிற்றுச் சொக்கிளேற் முட்டையின் தங்கத் தாளைச் சுற்றிப் பசை போட்டேன். உறுதிக்கு அரக்கு வைத்துப் பழகிய கை, பிசகவில்லை. திரேசம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"கடவுளே, வடிவா வந்திருக்கு," என்றாள். பிறகு, "வெட்கமாயில்லையோ உங்களுக்கு?" என்றாள். இரண்டும் உண்மை.

என் கணக்கு இதுதான்: அவர் அதைத் திறக்கப் போவதில்லை. இத்தனை வருஷம் திறக்காதவர். தட்டில் இருந்தால் போதும். அவர் காலம்வரைக்கும் அது விஸ்கிதான். கொண்டுபோய் மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன்.

எட்டாம் நாள் பொழுதுபட்டுத் திருநாள் முடிந்தது. மிரெல்லா இரண்டு நாள் முன்பே வந்திருந்தாள். குசினியில் மூவரும் நின்றோம். மறுபடி லேஞ்சி, மறுபடி நாணயம், மறுபடி திறப்பு. நான் மேல்தட்டைப் பார்க்காமல் குளிர்ப்பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். (வடக்கு எல்லை.) பிஸ்கற் டப்பா இல்லாததைத் தொத்தோரே கண்டார். "சாப்பிட்டிட்டீரோ? நல்லது, வித்ததுக்கு அடையாளம்," என்றார். எனக்கு உயிர் திரும்பியது.

அப்போது அவர் போத்தலைக் கையில் எடுத்தார்.

"மிரெல்லா, இந்த முறை இதைத் திருப்பி வைக்கப் போறதில்லை. உன்ரை அம்மா இதை வாங்கினது குடிக்க. நான் வித்து வித்து வாங்கி யாவாரம் செய்துகொண்டிருக்கிறன். எனக்கும் வயசு போகுது. கிளாஸ் எடு. மூண்டு."

மிரெல்லா அழத் தொடங்கிவிட்டாள். நானும் அழுதேன், வேறு காரணத்துக்கு.

"தொத்தோரே, இரத்த அழுத்தம்..."

"இண்டைக்கு அதுக்கு லீவு."

"மாத்திரை போட்டு அரை மணித்தியாலம் கூட ஆகேல்லை..."

"நொத்தாரிசு, நீர் ஆட்சேபம் எழுதிக் குடும், பிறகு பாப்பம்."

"அப்ப தாங்கோ, நான் திறக்கிறன்," என்று போத்தலைப் பிடித்தேன். நிலத்தில் போட்டு உடைக்கிற திட்டம். மிரெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாம், அம்மான்ரை போத்தல், நான் திறக்கிறன்," என்று வாங்கிவிட்டாள். திறந்தாள். ஊற்றினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எவ்வளவு தெளிவு!" என்றாள். இரண்டு தரம் வடித்தவனுக்குத் தெரியாதா.

தொத்தோரே கிளாஸை உயர்த்தினார். "எஸ்தெருக்கு. லெ ஹாயிம்." உயிருக்கு என்று அர்த்தம். ஒரே மிடறாகக் குடித்தார்.

அவர் உதட்டை நக்கினார். கிளாஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சீனி போடேல்லை," என்றார்.

நான் தரையில் இருந்துவிட்டேன்.

"எங்கடை ஆள் தண்ணியை வைன் ஆக்கினவர்," என்றார் தொத்தோரே, மெதுவாக. "அதுக்கே உங்கடை சனம் கோயில் கட்டினது. நீர் விஸ்கியைத் தேத்தண்ணி ஆக்கியிருக்கிறீர். உமக்கு என்ன கட்டுறது?"

எல்லாவற்றையும் சொன்னேன். செபமாலையை, பாப்பரசரை, சப்பாத்தை, குப்பைப் பையை, தங்கத் தாளை. நான் தனியாகக் குடித்த முதல் மிடறைக்கூட விடவில்லை. மிரெல்லா பாய்ந்தாள். அவளுடைய கோபத்தில் ஒரு பிழையும் இல்லை. "நம்பி வீட்டுத் திறப்பைத் தந்தம்! அம்மான்ரை கடைசிச் சாமான்! நாளைக்கே வேறை ஆள் பாக்கிறன்!"

தொத்தோரே கையைத் தூக்கினார். "பொறு. சாட்சி விசாரணை முடியேல்லை." என் பக்கம் திரும்பினார். "எத்தினை பேர் குடிச்சவை?"

"ஒரு மேசை முழுக்க, தொத்தோரே."

"பாடினவையோ?"

"பாடினவை. ஆடினவை. என்னைத் தோளிலை தூக்கினவை."

"சும்மா குடிச்சவையோ, ஐஸ் போட்டோ?"

பொய் சொல்ல எனக்கு அதற்குமேல் பலமில்லை. "கொக்கா கோலா விட்டு."

அதுவரை நேராக இருந்த மனிதர் கதிரையில் சாய்ந்தார். "கொக்கா கோலாவோ!" என்று நெஞ்சில் கை வைத்தார். "எஸ்தெர், கேட்டியோ? கொக்கா கோலா!" மிரெல்லா மாத்திரைக்கு ஓடினாள். அவர் அழுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அழுதார்தான், ஆனால் சிரித்துக்கொண்டு.

மூச்சு வந்த பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"நீர் வாங்கினீர். வாங்கினதைக் கொண்டு போனீர். அதிலை களவு இல்லை. நான் தடுக்கேலாதெண்டு நானே சொன்னனான். நாங்கள் எவ்வளவு காலமா இதை உண்மையான விற்பனை, உண்மையான விற்பனை எண்டு சத்தியம் பண்ணிக்கொண்டிருக்கிறம், ஒருத்தனும் வந்து தூக்கினதில்லை. நீர் தூக்கினீர். என்ரை வாழ்க்கையிலை நான் ஒழுங்கா அனுசரிச்ச பாஸ்கா இதுதான்."

"அப்பா!" என்றாள் மிரெல்லா.

"முடிக்கேல்லை. குற்றம் தேத்தண்ணியிலை. வித்தது விஸ்கி, திருப்பித் தந்தது தேத்தண்ணி. அது ஏமாத்து. அதுக்கு உமக்கு மன்னிப்பு இருக்கு, ஆனால் மறதி இல்லை." வெறும் கிளாஸைத் தள்ளி வைத்தார். "எண்டாலும் ஒண்டு சொல்லவேணும். இந்தத் தீவிலை எங்கடை ஆக்கள் வீடும் கடையும் வந்த விலைக்கு வித்துப்போட்டு வெளிக்கிட்டவை. வாங்கினவன் ஒருத்தனும் ஒண்டும் திருப்பித் தரேல்லை. நீர் தேத்தண்ணியாவது தந்தீர்."

பிறகு குரல் மாறியது.

"நீர் ஒரு மிடறு சும்மா குடிச்சனெண்டு சொன்னீரே. எப்பிடி இருந்தது?"

நான் நிலத்தில் இருந்தபடியே கண்ணை மூடி யோசித்தேன். அந்த ஒரு கேள்விக்காவது சரியான பதில் கொடுக்க வேண்டியிருந்தது. "முதல் புகை, தொத்தோரே. சிரட்டை எரிச்ச மாதிரி. பிறகு தோடம்பழத் தோல். விழுங்கின பிறகு அடித்தொண்டையிலை பனங்கட்டி."

"அது என்ன?"

"பனையிலை எடுக்கிற ஒரு சீனி. கறுப்பு. இனிப்புக்குப் பின்னாலை கொஞ்சம் கசக்கும்."

அவரும் கண்ணை மூடியிருந்தார். இல்லாத மிடறு ஒன்றை விழுங்கினார். "எஸ்தெருக்குப் பிடிச்சிருக்கும்," என்றார்.

மிரெல்லா மூன்று கிளாஸையும் கழுவினாள். வேறை ஆள் பார்க்கும் கதையை அவள் பிறகு எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் அவள் வேறொரு யோசனை சொன்னாள். மிலானோவில் ராபி என்கிற யூத குரு ஒருவர் இருக்கிறாராம். இணையத்தில் பெயரைப் பதிந்தால் போதும், எல்லாருடைய புளிப்பையும் சேர்த்து அவரே விற்று அவரே வாங்கிவிடுவாராம். தொத்தோரே மேசையில் தட்டினார். "அங்கை வாங்கிறவன் வாங்கிறதில்லை. எனக்கு வாங்கிற ஆள் இருக்கு." திருநாள் தொடங்குகிற அன்று காலை அலுமாரியின் மேல்தட்டில் ஒரு புதுப் போத்தல் இருந்தது. திறப்பைத் தந்துவிட்டு என் சட்டையைப் பிடித்தார். "ஞாயிற்றுக்கிழமை வந்து எடுக்காட்டில் இந்த விற்பனை பொய். என்னைப் பாவத்திலை விடாதையும். கொக்கா கோலா கண்ணிலை காட்டக் கூடாது."

அன்றிலிருந்து வருஷா வருஷம் எடுக்கிறேன். திருநாள் தள்ளி விழுந்தால் நடுவில் வருகிற ஞாயிறு. செபமாலை காகிதக் குவளையை விட்டுவிட்டுக் கண்ணாடிக் கிளாஸ் கொண்டு வருகிறான். யார் குடித்தார்கள், யார் பாடினார்கள், யார் விழுந்தார்கள் என்று நான் திரும்பிப் போய் அறிக்கை கொடுக்க வேண்டும். கோயிலில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. யூதரின் போத்தலோடு நமக்கென்ன என்று ஒருவர் ஒருநாள் என்னிடம் கேட்டார். நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் வாசிக்கக் கேட்கிற வேதாகமச் சங்கீதம் யாருடைய சாமான் என்று கேட்டேன். அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள், பிறகு போத்தலைப் பற்றிக் கதைப்போம் என்றேன்.

போத்தலை எடுத்ததற்கு நான் இன்றைக்கும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். என் பேரில் இருந்த பொருள். குசினிக்காரன் என்று சிரித்த மேசைக்கு முன்னால் அதை நான் வைத்தேன், வைத்தது வைத்ததுதான். ஆனால் அந்தக் கதவுவரை போய் "என்ன கறி?" என்று கேட்டுத் திரும்பிய மனிதனை எனக்குப் பிடிக்கவில்லை. இரவில் நித்திரை வராதபோது அவன்தான் வந்து நிற்கிறான்.

தொத்தோரே இன்னும் இருக்கிறார், என் கறியில் உப்பைக் குறை சொல்லிக்கொண்டு. எனக்கும் முழங்கால் போய்விட்டது. யார் யாரைப் பார்க்கிறோம் என்பது இப்போது தெளிவில்லை. திருநாளின் முதல் இரவுச் சாப்பாட்டுக்கு மிரெல்லா குடும்பத்தோடு வருகிறாள். திரேசம்மாவும் நானும் அந்த மேசையில் இருக்கிறோம். அந்த இரவில் எலியாஸ் தீர்க்கதரிசிக்கென்று ஒரு கோப்பை வைன் ஊற்றி வைத்துவிட்டு, அவர் வருவார் என்று வீட்டுக் கதவைத் திறந்துவிடுவது அவர்கள் வழக்கம். கதவைத் திறப்பது என் வேலை. நான் எழும்பும்போது, வேறை ஆள் பார்க்கப் போன அதே மிரெல்லா தன் பிள்ளைகளுக்குச் சொல்லுவாள்.

"எலியாஸ் வந்தால் ஒரு கோப்பையோடை போயிடுவார். பயப்பட வேண்டியது ஏற்கெனவே உள்ளுக்கை இருக்கிறவருக்கு."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த இரவில் எல்லாரும் நாலு கோப்பை வைன் குடிக்க வேண்டும் என்பது சட்டம். எனக்கு மட்டும் வைன் இல்லை. நாலு கோப்பை பிளேன் டீ, சீனி போடாமல். அது தொத்தோரேயின் தீர்ப்பு, ஆயுள் தண்டனை. நான் நாலையும் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறேன். குடித்துக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேசை முழுக்கக் கேட்கச் சொல்கிறேன்:

"அலுமாரி இப்ப என்ரை."

எட்டு நாளைக்கு அந்த மேசையில் ஒருவராலும் மறுப்புச் சொல்ல முடியாது.